மலையகத்தில் ரோட் பைக் அளவெடுப்பு: சீட் உயரத்துக்கு முழுப் புள்ளி, கியரில் கோட்டை விட்டது

நுவரெலியாவில் ரோட் பைக் விற்கும் கடை ஒன்று, வாங்குபவரின் உடம்புக்கு ஏற்ப வண்டியைப் பொருத்தியும் தருகிறது. அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக், சிமானோ நிறுவனத்தின் டியாக்ரா வகை 10 கியர் கொண்ட வண்டியை வைத்து அந்தச் சேவையை எடைபோட்டோம். அளவெடுப்பு கைதேர்ந்த வேலை. ஆனால் அத்தனையும் சமதரைக்குப் பார்த்த கணக்கு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். செருப்பில்லாமல் சுவரோடு நிற்கவைத்து, கால்களுக்கு இடையில் புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து உள்கால் நீளம் எடுக்கிறார்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரையான உயரம் கிடைக்கும். உள்கால் 76 சென்டிமீட்டர் என்றால் 67.1. இது ஆரம்பப் புள்ளிதான் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. டிரெய்னரில் (வண்டியை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) ஏற்றி மிதிக்கவிட்டு, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடிப்பை அளக்கிறார். 25 முதல் 35 பாகைக்குள் வரும்வரை விடுவதில்லை. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும், மிதிக்கும்போது இடுப்பும் இடம் வலமாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பின்னால் நின்று பார்க்கிற கடைகள் குறைவு, இங்கே பார்க்கிறார்கள்.

குறை எங்கே என்றால், டிரெய்னர் மட்டமாக நிற்கிறது. மலையகத்தில் மட்டமான வீதி எத்தனை மைல் இருக்கும்? 8 சதவீத ஏற்றத்தில் வண்டி ஏறக்குறைய 4.6 பாகை பின்னால் சாயும். மட்டத்தில் சரியாக இருந்த சீட்டின் மூக்கு அங்கே மேலே தூக்கிக்கொள்ளும், ஓட்டுபவர் பின்னால் வழுக்குவார், கை ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருப்பதால், டிரெய்னரில் வண்டியை மட்டப்படுத்திய பிறகு முன்சக்கரத்தை மேலும் 8 சென்டிமீட்டர் உயர்த்தினால் அதுவே 8 சதவீத ஏற்றம். ஒரு மரக்கட்டை போதும். அப்படி வைத்துப் பத்து நிமிடம் மிதித்துப் பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் மூக்கை 1 அல்லது 2 பாகை தாழ்த்தி, சீட்டை 3 முதல் 5 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் சரியாகும். முன்னால் தள்ளும்போது பெடலுக்கான தூரம் சற்றுக் குறைவதால் உயரத்தில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் இறக்கத்தில் முழுப் பாரமும் உள்ளங்கைக்கு வந்து விரல் மரத்துப்போகும்.

கியரில்தான் கடை உண்மையாகவே கோட்டை விட்டது. கையிருப்பு வண்டியில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு வட்டுகள், பின்னால் 12 முதல் 28 பல் வரையான கசெட் (பின்சக்கரப் பல்லடுக்கு). 28 மில்லிமீட்டர் டயரோடு 34-க்கு 28 என்ற கியரில் ஒரு மிதிக்கு (பெடலின் ஒரு முழுச் சுற்று) சுமார் 2.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதியாவது வைத்திருக்க வேண்டுமானால் மணிக்கு 9.3 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியாக வேண்டும். றம்பொடையிலிருந்து லபுக்கலை வரை அந்த வேகம் எல்லோருக்கும் வராது; வராதபோது மிதி கனத்து, முழங்கால்தான் விலை கொடுக்கும். பின்னால் 34 பல் இருந்தால் அதே 60 மிதிக்கு 7.7 கிலோமீட்டர் போதும். கசெட்டை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. டியாக்ராவின் குட்டைக் கை டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 28 பல்லுக்கு மேல் ஏற்காது. நீளக் கை வகை வேண்டும், செயினும் நீளமானதாக வேண்டும். காசு கட்டுவதற்கு முன்பே இந்த மாற்றத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.

பிரேக் லீவர் எந்தக் கைக்கு வருகிறது என்றும் பாருங்கள். ஐரோப்பியச் சந்தைக்குப் பூட்டிய வண்டிகளில் முன் பிரேக் பெரும்பாலும் இடது கையில் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வலது கையால் முன் பிரேக் பிடித்துப் பழகியவர் ஈர வளைவில் தவறான சக்கரத்தை இறுக்கிவிடுவார். கேட்டால் மாற்றித் தருகிறார்கள், தாமாகக் கேட்பதில்லை. சிறிய கைக்காரருக்கு லீவரை உள்ளே கொண்டுவரும் திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மைப் பூட்டும் ஒழுங்கு சரியாகவே இருந்தது: முதலில் மேல் மூடி, பிறகு பக்கத் திருகுகள், டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) 5 நியூட்டன் மீட்டர். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் டக் டக் என்ற ஆட்டம் கையில் தட்டக்கூடாது.

முதல் ஓட்டத்துக்குக் கிரகரி வாவிக் கரையைச் சொல்கிறார்கள், நல்ல யோசனை. புது டிஸ்க் பிரேக் பட்டைகள் அங்கேதான் பதப்பட வேண்டும். 20, 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமலும் முழுதாக நிற்காமலும், சுமார் இருபது தடவை குறைக்க வேண்டும். இதைச் செய்யாத பிரேக் கீச்சிடும், நீண்ட இறக்கத்தில் பிடிப்பும் போதாது. அடுத்ததாக ஹக்கல வீதியில் சீதா எலிய கோவில் வரை இறங்கி, அதே வழியில் ஏறி வரலாம். சீட்டில் வழுக்கல் இருந்தால் திரும்பும் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி முதல் நாளுக்கான இடமே அல்ல.

றம்பொடைப் பக்கம் இறங்கும் நாளில் கையை ஹேண்டிலின் கீழ் வளைவில் வையுங்கள். லீவரை முழு பலத்தோடு இழுக்க அங்கிருந்துதான் முடியும். தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட வேண்டும். பின்னால் மரக்கறி லொறி வந்தால் ஒதுங்கி வழிவிடுவதே உத்தமம். சுரங்க வழிக்கும் பனிமூட்டத்துக்கும் பின் விளக்கு கட்டாயம். கடை அதை வண்டியோடு தருவதில்லை.

டயர் காற்றை 80 பிஎஸ்ஐக்கு நிரப்பித் தந்தார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 70 அளவே போதும், மழையில் இன்னும் 5 குறைக்கலாம். ஓரிரு வாரத்தில் கேபிள் உறைகள் அமுங்கி, கியர் தானாகத் தாவத் தொடங்கும். வண்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். டெரெய்லரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் முதல் மாத இலவசச் சரிபார்ப்பு இருக்கிறது. அப்போது ஸ்போக் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அதைத் தொடுவதில்லை.