படித்த ஊரை மீண்டும் சுற்றிப் பார்க்க ஸ்ட்ரீட் வியூ எந்த அளவுக்கு உதவுகிறது?

படிப்பு முடிந்து வேலைக்காகப் பெருநகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களில் பலருக்கும் கல்லூரி இருந்த ஊர் தீராத ஏக்கமாகத் தங்கிவிடுகிறது. பிறந்த ஊருக்குப் போவதற்குப் பெற்றோர், உறவினர், சொந்த வீடு என ஏதாவது ஒரு காரணம் இருக்கும். படித்த ஊருக்குப் போவதற்கு அப்படி எந்தக் காரணமும் அமைவதில்லை. அங்கே நமக்கு வீடு கிடையாது, நம்மோடு படித்தவர்களும் நம்மைப் போலவே திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். இந்த ஏக்கத்தைத் தணித்துக்கொள்ள கூகுள் மேப்ஸில் உள்ள, கேமரா பொருத்திய கார்கள் சாலைதோறும் எடுத்த படங்கள் வழியாகத் தெருவில் நின்று பார்ப்பதுபோல் காட்டும் ஸ்ட்ரீட் வியூ வசதியை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். வழி தேடுவதற்கு அது எவ்வளவு பயன்படும் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். விட்டுவந்த ஊரைப் பார்ப்பதற்கு அது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

2007 மே மாதம் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் கிடைக்கிறது. கணினியில் மேப்ஸைத் திறந்து, மூலையில் நிற்கும் சிறிய மஞ்சள் மனித உருவத்தை எடுத்து வரைபடத்தின் மேல் பிடித்தால், படம் எடுக்கப்பட்ட சாலைகள் நீலக் கோடுகளாகத் தெரியும். வேண்டிய சாலையில் அந்த உருவத்தை விட்டால் தெருவுக்குள் இறங்கிவிடலாம். அதன்பின் நான்கு பக்கமும் திரும்பிப் பார்க்கலாம், அம்புக்குறிகளைத் தொட்டு முன்னும் பின்னும் நகரலாம்.

கல்லூரி ஊரைத் தேடி வருபவருக்கு இதில் உண்மையாகவே மதிப்புள்ள பகுதி, பழைய தேதியிட்ட படங்களைப் பார்க்கும் வசதிதான். 2014 ஏப்ரலில் கணினிக்கும், 2022 மே மாதத்தில் கைப்பேசிக்கும் இது வந்தது. திறந்த உடனே கிடைப்பது பெரும்பாலும் ஆகக் கடைசியாக எடுத்த படம் என்பதால், அதை மட்டும் பார்த்துவிட்டு மூடுபவர்கள் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்கள். அங்கே தெரியும் ஊர் நம்முடைய ஊர் அல்ல, நமக்குப் பின்னால் வந்தவர்களுடைய ஊர். திரையின் மேல்பகுதியில் உள்ள மாதத்தையும் ஆண்டையும் கவனித்து, பழைய தேதிகளின் பட்டியலைத் திறந்து, நாம் அங்கே இருந்த காலத்துக்கு மிக அருகில் உள்ள படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறு பின்னோக்கிச் சென்றபோது, கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை எனக்குக் கிடைத்தது. ஷட்டர் பாதி ஏற்றப்பட்டிருக்கிறது. மழையில் வெளுத்துப்போன பெயர்ப்பலகையின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் நிறம் மாறாமல் இருக்கின்றன. தேர்வுக் காலத்தில் வரிசையில் நிற்கும் நாங்கள் சாய்ந்து சாய்ந்து வழவழப்பாக்கிய இரும்புக் குழாயும் அப்படியே நிற்கிறது. அடுத்த தேதியில் கடைக்கு வேறு பெயர்ப்பலகை, அதற்கடுத்த தேதியில் கட்டடமே வேறு. மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், அந்த இடம் என்ன ஆயிற்று என்ற கேள்வி மனத்தில் அடங்கியது. எந்தப் புகைப்படத் தொகுப்பிலும் எனக்கு இது கிடைத்திருக்காது. ஏனென்றால் மாணவர்களாக இருந்தபோது நண்பர்களைத்தான் படம் எடுத்தோம், கடை வாசலை யாரும் எடுக்கவில்லை.

சாலையில் இருந்து பார்ப்பது போதாதவர்கள் கூகுள் எர்த்தையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். அதன் கணினிப் பதிப்பு 2009 முதலே பழைய சாட்டிலைட் படங்களைக் காலவரிசையில் காட்டுகிறது. விடுதியில் தங்கிப் படித்தவர்கள் எல்லோருக்கும் அதிகாரபூர்வமான பாதை ஒன்றும், கால்கள் போட்ட பாதை ஒன்றும் இருந்திருக்கும். விடுதியின் பின்புறத்தில் இருந்து மைதானத்தைக் குறுக்காக வெட்டி வகுப்பறைக் கட்டடத்துக்குப் போகும் எங்கள் ஒற்றையடிப் பாதை, மேலிருந்து எடுத்த படத்தில் புல்லுக்கு நடுவே வெளிறிய கோடாகத் தெளிவாகத் தெரிகிறது. ஆண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினால் அந்தக் கோடு அகலமாகிறது, பிறகு மைதானத்தைச் சுற்றி வேலி வந்த படத்தில் மங்குகிறது, கடைசியில் புல் மூடிவிடுகிறது. அங்கே நடந்தவர்கள் யாரும் எழுதி வைக்காத ஒன்றை வானத்தில் இருந்து எடுத்த படங்கள் பதிந்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது ஏற்படும் நெகிழ்ச்சியை நான் வேறு எந்தச் செயலியிலும் உணர்ந்ததில்லை.

பெருநகர வாழ்க்கையில் இருப்பவர்களுக்கு இது இவ்வளவு ஆழமாகப் படுவதற்கு ஒரு காரணம், கல்லூரி ஊரை நாம் நடந்தே அறிந்திருப்பது என்று நினைக்கிறேன். பெருநகரத்தில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே உள்ள ஊர் வாகனத்தின் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோகிறது. பத்தாண்டு வசித்தாலும் பக்கத்துத் தெரு எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் இருக்க முடிகிறது. நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலத்தைச் சேர்ந்தவையே மிகுதியாக வெளிவருகின்றன என்பது உளவியல் ஆய்வாளர்கள் நன்கு நிறுவிய ஒன்று. கல்லூரிப் பருவம் அதன் நடுவில் விழுகிறது. ஆகவே அம்புக்குறியைத் தொட்டுத் தொட்டு ஒரு தெருவில் முன்னேறும்போது, அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்பது படம் தெளிவாவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இனிக் குறைகள். கார் கூரையின் மேல் பொருத்தப்பட்ட கேமரா, தொடக்க ஆண்டுகளில் தரையில் இருந்து சுமார் 2.5 மீட்டர் உயரத்தில் இருந்தது. மதில்களுக்கு மேலாக வீடுகளுக்குள் தெரிகிறது என்ற புகார்கள் எழுந்ததால், 2009இல் ஜப்பானில் அதை 40 செ.மீ. தாழ்த்திப் படம் பிடித்தார்கள். எனினும் அது நடந்துபோகிற ஒருவருடைய கண்மட்டம் அல்ல. பழகிய மதில் குட்டையாகத் தெரிகிறது, தெரு சற்று அகலமாகத் தெரிகிறது. இந்த வேறுபாடு சிறியதுதான் என்றாலும், எங்கோ ஏதோ சரியில்லை என்ற உணர்வைத் தந்துகொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய குறை, இதில் இரவு இல்லை. நல்ல வெளிச்சம் உள்ள பகல் பொழுதுகளில்தான் கார்கள் படமெடுக்கின்றன. விடுதி வாழ்க்கையின் பாதி இரவில் நடந்தது. விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று பேசிய தெருவை உச்சிவெயிலில் பார்ப்பதால் அந்த நினைவு நிறைவடைவதில்லை.

மனிதர்களின் முகங்களும் வாகன எண்களும் 2008 முதல் மறைக்கப்படுகின்றன. தனியுரிமையை எண்ணிப் பார்த்தால் இது மிகச் சரியான முடிவு. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறோமோ அவர்களை இந்தச் சேவை தராது என்பதைத் தெரிந்துகொண்டே உள்ளே போக வேண்டும்.

எல்லா ஊர்களும் இதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2010இல் தொடங்கிய சேவை, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் தங்கள் வீடுகளை மறைக்கும்படி கேட்டதன் பின்னர், 2023 வரை புதிய படங்கள் இன்றிக் கிடந்தது. இந்தியாவில் 2022 ஜூலையில்தான், அதுவும் முதலில் பத்து நகரங்களில், முறையாக வந்தது. சிறிய கல்லூரி ஊர்களுக்குப் பல ஆண்டுகளின் படங்கள் இருப்பது அரிது. 2007க்கு முன்பு படித்து முடித்தவர்களுக்கோ, இந்தச் சேவையில் உள்ள எந்தப் படமும் அவர்கள் ஊரை விட்டு வந்த பிறகு எடுத்ததாகவே இருக்கும்.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்பதற்கு முன்பாக, விடுதியில் இருந்து வகுப்பறைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகும் வழியை நினைவில் இருந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்த பிறகு, நினைவில் இருந்த தெரு பின்வாங்கி, திரையில் பார்த்த தெருவே நினைவாகிவிடுகிறது. தாளில் வரைந்தது மட்டும் தப்பிக்கும். தனியாகப் பார்ப்பதைவிட, உடன் படித்த ஒருவரோடு திரையைப் பகிர்ந்து, பேசிக்கொண்டே பார்ப்பது பல மடங்கு நன்றாக இருக்கிறது. எனக்கு மறந்துபோன மாடிப்படி அவருக்குத் தெரிந்திருந்தது, அவருக்கு மறந்துபோன வாசல் எனக்குத் தெரிந்திருந்தது. இப்படிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நேரில் ஒருமுறை போய்வருவோம் என்ற பேச்சில் வந்து நிற்பார்கள். அவ்வாறு கிளம்புவதானால், படத்தின் தேதியைப் பார்த்துக்கொண்டு, வளாகத்துக்குள் முன்னாள் மாணவர்களை எந்த வாசலில், எந்த நேரத்தில் அனுமதிக்கிறார்கள் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.