மஞ்சக்குப்பம் முதல் பாண்டி வரை: ஏஇஎஸ்-என்ஐ ஃபயர்வாலுடன் மூன்று வருடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எடுக்கிற சிடி படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் இருப்பது பாண்டியில். நடுவில் இருபத்து சொச்சம் கிலோமீட்டர். இரண்டு இடத்துக்கும் நெட்வொர்க் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் நோயாளியின் பெயரும் வயதும் இருக்கும் என்பதால் அவை விபிஎன் (இணையத்தின் நடுவே பூட்டிய தனிப் பாதை) வழியாகத்தான் போயாக வேண்டும்.

2022 ஜூன் வரை இரண்டு பக்கமும் பழைய மினி பிசியில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. விபிஎன்னையும் நடத்துவது அதுதான். ஃபைபர் லைன் இரண்டு பக்கமும் 200 எம்பிபிஎஸ். விபிஎன்னுக்குள் போனால் மட்டும் 60-ஐத் தாண்டாது. மாசக்கணக்கில் லைன்காரர்களோடு மல்லுக்கட்டினேன். பாவம், அவர்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை.

வயிற்றுப் பகுதியை மூன்று கட்டமாக எடுக்கிற சிடி ஒன்றே ஒன்றரை ஜிபி வரை வரும். காலையில் அப்படி நாலு சேர்ந்துவிட்டால் வரிசை கால் மணி நேரத்துக்கு நீளும். அந்த வரிசையின் கடைசியில் ஒரு பக்கவாத நோயாளியின் மூளை சிடி மாட்டிக்கொள்ளும். அது சின்ன ஃபைல்தான், ஆனால் முன்னால் இருப்பவை நகர்ந்தால்தான் அதற்கு வழி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "அண்ணா, ஸ்ட்ரோக் கேஸுண்ணா, எப்பண்ணா போய்ச் சேரும்?" என்று டெக்னீஷியன் தங்கச்சி போன் போடும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டாஷ்போர்டில் சிபியு 25, 30 சதவீதம்தான் காட்டும். அதைப் பார்த்து சிபியு சும்மா கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஷெல்லில் டாப் என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நாலு கோரில் ஒன்று நூறு சதவீதத்தில் திணறுகிறது, மற்ற மூன்றுக்கும் வேலையே இல்லை. நாங்கள் வைத்திருந்த விபிஎன் மென்பொருளான ஓப்பன்விபிஎன், ஒரு டனலை (இரண்டு இடத்துக்கும் நடுவிலான விபிஎன் பாதையை) ஒரே கோரில்தான் ஓட்டும். நாலில் ஒரு கோர் முழுசாக நிரம்பினால் மொத்தக் கணக்கில் அது 25 சதவீதம். உங்கள் பெட்டியிலும் இந்த எண்ணைக் கண்டால் ஏமாறாதீர்கள்.

அந்தப் பெட்டியை வாங்கியபோது "ஏஇஎஸ் சப்போர்ட் உண்டு சார்" என்று கடையில் சொன்னார்கள். ஏஇஎஸ் வேறு, ஏஇஎஸ்-என்ஐ வேறு. ஏஇஎஸ் என்பது 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் ஏற்றுக்கொண்ட குறியாக்க முறை, அதாவது விபிஎன்னில் போகும் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் கணக்கு. அந்த ஒரு கோர் திணறியது இந்தக் கணக்கில்தான். எந்த சிபியுவும் அதை மென்பொருளாக, மெதுவாகக் கணக்குப் போட்டுவிடும். ஏஇஎஸ்-என்ஐ என்பது அதே கணக்குக்காக சிபியுவுக்குள்ளேயே பதித்த தனிக் கட்டளைகள். இன்டெல் சிபியுக்களில் 2010 முதல் வரத் தொடங்கியது. ஏஇஎஸ்-256-இல் ஒவ்வொரு 16 பைட்டையும் 14 சுற்று கலக்க வேண்டும். ஏஇஎஸ்-என்ஐ இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரே கட்டளை போதும். 2010-க்குப் பிறகு வந்தது என்பதற்காக எல்லா சிபியுவிலும் இருக்காது. என் பழைய பெட்டியில் இருந்த செலரான் ஜே1900-இல் அது கிடையாது. ஆகவே மாடல் எண்ணை இன்டெல் தளத்தில் நீங்களே தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்கியது ஜே4125 சிபியு கொண்ட, ஃபேன் இல்லாத, நாலு போர்ட் பெட்டி, இடத்துக்கு ஒன்று. பிஎஃப்சென்ஸ் 2.6 ஏற்றினேன். டாஷ்போர்டில் ஏஇஎஸ்-என்ஐ இருக்கிறது, ஆனால் 'இன்ஆக்டிவ்' என்று வந்தது. சிஸ்டம், அட்வான்ஸ்டு, மிசலேனியஸ் என்று போய், கிரிப்டோகிராஃபிக் ஹார்டுவேர் என்ற இடத்தில் ஏஇஎஸ்-என்ஐயைத் தேர்ந்தெடுத்ததும் 'ஆக்டிவ்' ஆனது. ஆனால் ஓப்பன்விபிஎன் வேகம் துளியும் மாறவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். நானும் இரண்டு வாரம் குழம்பினேன். அந்த மெனுவில் நாம் ஏற்றுவது கெர்னலுக்கான, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கான மாட்யூல். ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறை கெர்னலுக்குள் ஓடுவதால் அதற்கு இது அவசியம். ஓப்பன்விபிஎன் ஓடுவது கெர்னலுக்கு வெளியே. அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தைக் கூப்பிடுகிறது, அந்த நூலகம் சிபியுவின் கட்டளைகளை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. மெனுவில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். புதுப் பெட்டிக்கு மாறிய அன்றே ஓப்பன்விபிஎன்னுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது.

இது தெரியாமல், இன்னும் வேகம் வரும் என்று நம்பி, ஓப்பன்விபிஎன் அமைப்பில் பிஎஸ்டி கிரிப்டோடெவ் என்ற தேர்வைப் போட்டேன். வேகம் இறங்கியது. காரணம் எளிது. சிபியு இருந்த இடத்திலேயே முடிக்கிற வேலையை, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னலுக்குள் அனுப்பித் திரும்ப வாங்குகிறோம். அந்த அலைச்சலே குறியாக்கத்தைவிட அதிக நேரம் தின்கிறது. ஓப்பன்விபிஎன்னில் ஹார்டுவேர் கிரிப்டோ வேண்டாம் என்பதே சரியான தேர்வு. படிக்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் ஏஇஎஸ்-என்ஐ உள்ள பெட்டியில் அப்படித்தான் வைக்க வேண்டும்.

பிறகு கடலூர்–பாண்டி டனலை மட்டும் ஐபிசெக்குக்கு மாற்றினேன். முதலில் பழக்கதோஷத்தில் ஏஇஎஸ்-256 சிபிசி, கூடவே தரவு வழியில் மாறவில்லை என்று சோதிக்க எஸ்எச்ஏ-512 வைத்தேன். அடுத்து ஜிசிஎம். சிபிசி, ஜிசிஎம் இரண்டும் ஏஇஎஸ்ஸை ஓட்டும் இரண்டு விதங்கள். இரண்டு பெட்டியையும் மேசையில் வைத்து கேபிளால் இணைத்து, பின்னால் ஆளுக்கொரு லேப்டாப்பை மாட்டி, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினேன். ஃபயர்வாலிலேயே ஐபெர்ஃப் ஓட்டினால் அதுவும் அதே சிபியுவைத் தின்னும், கணக்குத் தப்பாக வரும். ஜிசிஎம் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஆட்கள் வரிசையாக நின்று படகிலிருந்து கூடையைக் கைமாற்றி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவர் தந்தால்தான் அடுத்தவர் வாங்க முடியும். சிபிசி-இல் குறியாக்கம் அப்படித்தான்: முந்தைய துண்டு முடிந்தால்தான் அடுத்த துண்டைத் தொட முடியும். ஜிசிஎம்-இல் ஒவ்வொரு கூடைக்கும் முன்கூட்டியே எண் இருக்கிறது. பல பேர் ஒரே சமயத்தில் தூக்கலாம். சிபிசி-க்கு நம்பகச் சோதனை தனி வேலை; அதிலும் எஸ்எச்ஏ-512-க்கு இந்த சிபியுவில் தனிக் கட்டளை கிடையாது, எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256 இரண்டுக்கு மட்டும்தான் உண்டு. ஜிசிஎம் அந்தச் சோதனையையும் தன்னோடு சேர்த்தே செய்துவிடும். அதனால் ஐபிசெக் அமைப்பில் தரவைப் பூட்டும் கட்டமான ஃபேஸ் 2-இல், எஸ்எச்ஏ போன்ற ஹாஷ் எதையும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஃபேஸ் 1-இல் என்ன வைத்தாலும் அது சாவி மாற்றத்துக்கு மட்டும். படம் போகும் வேகத்தை அது தொடாது.

இப்போது ஃபேஸ் 2-இல் ஏஇஎஸ்-128 ஜிசிஎம் வைத்திருக்கிறேன். 14 சுற்றுக்குப் பதில் 10 சுற்று. எங்கள் தேவைக்கு இந்தப் பாதுகாப்பு தாராளம். 200 எம்பிபிஎஸ் லைன் நிரம்புகிறது, சிபியு அலட்டிக்கொள்வதில்லை.

டாக்டர்கள் வீட்டிலிருந்து வருவதற்கு ஓப்பன்விபிஎன் அப்படியே இருக்கிறது. ஒரு டாக்டரின் பழைய டேப்லெட் ஜிசிஎம்-இல் தள்ளாடியது. அதன் சிப்பில் ஏஇஎஸ் கட்டளை இல்லை. அவருக்கு மட்டும் சாச்சா20-பாலி1305 என்ற வேறு குறியாக்க முறையைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அந்த முறை சாதாரணக் கூட்டல், சுழற்றல் கணக்குகளால் ஆனது, தனிக் கட்டளை எதுவும் கேட்காது. வயர்கார்டு என்ற விபிஎன் முறை பயன்படுத்துவதும் இதையேதான். வயர்கார்டு மட்டும் ஓட்டப் போகிறவர் ஏஇஎஸ்-என்ஐக்காகத் தவிக்க வேண்டியதில்லை.

சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒன்று: ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்பீடு கட்டளையை ஈவிபி என்ற தேர்வோடு ஓட்டுங்கள். அது இல்லாமல் ஓட்டி, ஏஇஎஸ்-என்ஐ வேலை செய்யவில்லை என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் பிஎஃப்சென்ஸை விர்ச்சுவல் கணினியாக ஓட்டுபவர்கள் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றுங்கள். கேவிஎம்64 என்று விட்டால் உள்ளே ஏஇஎஸ்-என்ஐ தெரியாது.

2023-இல் பிஎஃப்சென்ஸ் 2.7-க்குப் போகும்போது ஒரு தடங்கல். அந்தப் பதிப்பில் ஐபிசெக்கிலிருந்து 3டெஸ், எம்டி5 போன்ற பழைய முறைகளை நீக்கிவிட்டார்கள். எங்களோடு இணைந்த ஒரு லேபின் ரவுட்டருக்கு 3டெஸ் தவிர வேறு தெரியாது. அவர்களை ரவுட்டர் மாற்ற வைத்த பிறகே அப்டேட் போட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையேறியபோது ஃபைபர் அறுந்தது. மூன்று நாள் மொபைல் டேட்டாவில்தான் டனல் ஓடியது. லைனே மெலிந்துவிட்ட அந்த நாட்களில் ஏஇஎஸ்-என்ஐ எதற்கும் உதவவில்லை. மூளை சிடியை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லி, மீதியைக் கடலூரிலேயே நிறுத்தி வைத்தோம்.

கடல் காற்று பெட்டியை விடவில்லை. கடலூர்ப் பெட்டியின் திருகுகள் துருவேறிவிட்டன, சும்மா கிடந்த ஒரு போர்ட்டின் பின்கள் பச்சை பிடித்துவிட்டன. பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி வாங்கிப் போட்டேன். கிரிப்டோ தேர்வுக்குக் கீழேயே வெப்பநிலை சென்சாருக்கான தேர்வும் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் ஃபேன் இல்லாத பெட்டியின் வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்பது கண்ணில் பட வேண்டும்.

வரிசையில் கால் மணி நேரம் காத்திருந்த அதே மூளை சிடி இப்போது ஐந்து நிமிடத்துக்குள் பாண்டித் திரையில் திறக்கிறது. டெக்னீஷியன் தங்கச்சி போன் போட்டு மாதக்கணக்காகிறது.