எச்சரிக்கை: 'டெலிகா' என்று ஒட்டுச்சீட்டு போட்டு வரும் மணிகள்

டெலிகா என்பது ஜப்பானின் மியூகி நிறுவனம் செய்யும், ஊசி நூலால் கோத்துப் பட்டை நெய்ய உதவும் ஒரே அளவான சிறு கண்ணாடி மணி; 11/0 அதன் அளவு எண். இணையத்தில் கடை நடத்தும் ஒரு விற்பனையாளர் 'மியூகி டெலிகா 11/0, அசல் ஜப்பான் சரக்கு, பிரித்துக் கட்டியது' என்று கறுப்பு, வெள்ளை, பொன்னிறம் மூன்றையும் விற்றார். வந்தவை ஜிப் உறைகள். மேலே அச்சடித்த ஒட்டுச்சீட்டு. அதில் டிபி 0010, டிபி 0200, டிபி 1832 என்று நிற எண்கள் பிசகில்லாமல் இருந்தன. உள்ளே இருந்தது டெலிகா அல்ல. குறை வெளிப்பட்டது பாதி நெய்த பிறகு. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது, பணமும் முழுதாக வரவில்லை. இந்த ஏமாற்று வேலை அந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கிறது. வாங்கிய மணியை டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, மாதம் கழித்துக் கையில் எடுப்பவர்கள்தான் நம்மில் அதிகம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிரித்துக் கட்டி விற்பதே தவறில்லை. நேர்மையான கடைகளும் பெரிய பையாக வாங்கி 5, 10 கிராமாகப் பிரித்துத்தான் தருகின்றன. அப்படிப்பட்டவர்களிடம் தொழிற்சாலைச் சீட்டோடு கூடிய பெரிய பையின் படம் கேட்டால் அனுப்பிவிடுவார்கள். இந்த விற்பனையாளர் அனுப்பியதோ விளம்பரத்தில் இருந்த அதே படம்.

முதலில் அளவு. டெலிகா 11/0 உருளை வடிவம்: விட்டம் சுமார் 1.6 மி.மீ., நீளம் சுமார் 1.3 மி.மீ. காலிப்பர் இல்லாவிட்டாலும் அளக்கலாம். உறையில் கைக்கு வந்தபடி, பொறுக்காமல் 20 மணி எடுத்து மெல்லிய கம்பியில் நெருக்கிக் கோத்து அளவுகோலில் வையுங்கள், 26 மி.மீ. அருகில் வர வேண்டும். அதே உறையின் வேறு வேறு இடத்திலிருந்து எடுத்து இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். மூன்று அளவும் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நல்லது. விட்டத்துக்கு, 10 மணிகளை டேப்பின் பசைப் பக்கத்தில் பக்கவாட்டில் ஒட்டி அளந்தால் 16 மி.மீ. வரும். மேற்சொன்ன கறுப்பு உறையில் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் 3 மி.மீ. வித்தியாசம். 20 மணிக்கு 3 மி.மீ. என்றால் பெயோட் தையலில் (செங்கல் அடுக்குபோல் மணிகளை அரை மணி தள்ளித் தள்ளிக் கோத்து நெய்யும் முறை) பட்டையின் ஓரம் பாம்பாக நெளியும், நடுவில் புடைக்கும். நூலை இறுக்கினாலும் தளர்த்தினாலும் அது சரியாகாது. நெய்பவர் தன் கை இழுவையில்தான் கோளாறு என்று எண்ணிப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்தது எடை. இதுதான் பலரும் பார்க்காமல் விடுவது. டெலிகா 11/0 கிராமுக்கு ஏறத்தாழ 200 மணி. 20 மணி அகலத்தில், நெடுக்கில் 100 மணி வரும் பெயோட் பட்டைக்கு 2000 மணி, அதாவது சரியாக 10 கிராம். பட்டை 26 மி.மீ. அகலம், 160 மி.மீ. நீளம் வரும். ஒரே நிறத்தில் கைப்பட்டை போடுகிறவர் அதனால்தான் 10 கிராம் கேட்கிறார். '10 கிராம்' என்று உறையோடும் சீட்டோடும் சேர்த்து நிறுத்து, உள்ளே 8.5 கிராம் மட்டும் இருந்தால் 300 மணி குறைகிறது. பட்டையில் 24 மி.மீ. போச்சு, கொக்கி எட்டாது. மறுபடி அதே எண்ணை வாங்கினாலும் வார்ப்புத் தொகுதி மாறினால் நிறம் ஒரு சாயல் தள்ளி வரும். நடுப்பட்டையில் கோடு போட்டதுபோலத் தெரியும். ஆகவே உறையோடு ஒரு முறை, மணியைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு வெறும் உறையை ஒரு முறை நிறுத்துக் கழியுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு நகைத் தராசு போதும். அதே தராசில் ஒரு கிராம் எடுத்து எண்ணிப் பார்ப்பதும் நல்ல சோதனை. 170க்குக் கீழே வந்தால் சந்தேகப்படுங்கள். 110 பக்கம் வந்தால் அது சாதாரண உருண்டை 11/0 மணி.

நிறத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சாயம் போவதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. அடர் இளஞ்சிவப்பு, ஊதா போன்ற நிறங்களைக் கண்ணாடியிலேயே கொண்டுவருவது கடினம் என்பதால் அசல் கம்பெனிகளும் அவற்றில் பலவற்றுக்கு மேற்சாயம்தான் ஏற்றுகின்றன. எது சாயமேற்றியது என்று பட்டியலிலும் குறிக்கின்றன. ஆனால் டிபி 0010 கறுப்பும் டிபி 0200 வெள்ளையும் உள்ளும் புறமும் ஒரே நிறக் கண்ணாடி. அவற்றில் சாயம் போகவே கூடாது. அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியில் ஐந்து மணியை இரவு முழுக்க ஊறவிட்டு வெள்ளைப் பஞ்சில் தேயுங்கள். பிறகு ஒரு மணியைத் துணிக்குள் வைத்துக் குறடால் உடைத்துப் பாருங்கள் (கண்ணாடித் துண்டு தெறிக்கும், கண்ணுக்குக் காப்பு வேண்டும்). அந்தக் கறுப்பு மணியின் உள்ளே நிறமற்ற கண்ணாடி, மேலே பெயின்ட். பொன்னிற மணிக்கு வேறு வழி. அசல் டிபி 1832-க்கு ட்யூராகோட் என்ற மேற்பூச்சு உண்டு. அது சாதாரண கால்வனைஸ்டு (உலோகப் பளபளப்பு) பூச்சைவிட நின்று பிடிக்கக்கூடியது; சோப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியில் இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்ததும் பொன் கழன்று சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் அது ட்யூராகோட் இல்லை. வெயிலில் வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு, ஆனால் வாரக்கணக்கில் ஆகும்; திருப்பி அனுப்பும் கெடுவுக்கு உதவாது.

துளையின் விளிம்பை மறக்க வேண்டாம். பெயோட்டில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஊசி குறைந்தது இரண்டு முறை போகும், நூல் முடிக்கும் இடத்தில் மூன்று, நான்கு முறையும் போகும். பத்து மணியைக் கோத்து நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூல் பஞ்சாய்ப் பிரிந்தால் விளிம்பு கூர். அந்த மணியில் செய்த கைப்பட்டை மாட்டிக் கழற்றும்போதே என்றாவது ஒருநாள் அறுந்து கொட்டும்.

இதே கடைகளில், மணி நெய்யப் பலரும் வாங்கும் ஃபயர்லைன் நூல் என்று வேறு கண்டில் சுற்றித் தருவதும் இருக்கும். அசல் நூல் பாலிஎத்திலீன் இழை, தண்ணீரைவிட லேசு. சிறு துண்டைச் சோப்பு கலந்த நீரில் அமுக்கிவிட்டால் மேலே வரும். நைலான் அடியில் போகும். ஸ்வரோவ்ஸ்கி படிகக் கண்ணாடி மணியைப் 'புதுச் சரக்கு' என்று யாராவது சொன்னால் கடையை விட்டு வெளியேறலாம்: அந்த நிறுவனம் கைவினைக்காரர்களுக்கான சந்தையிலிருந்து 2021-லேயே விலகிவிட்டது. மிச்சமிருக்கும் பழைய சரக்கு என்றால் நம்பலாம், சீட்டைப் பார்த்துவிட்டு.

புகார் எழுதும்போது 'தரம் சரியில்லை' என்று எழுதாதீர்கள், அது ரசனைப் பிரச்சினையாகப் பார்க்கப்படும். 'விளம்பரத்தில் சொன்ன பொருள் வரவில்லை, எடை குறைவு' என்று எழுதி, அளவுகோலோடு கம்பி, தராசில் வெறும் உறை, உடைந்த மணி ஆகிய படங்களை இணையுங்கள். உறைகளை ஒன்றாகக் கொட்டிவிடக் கூடாது. சீட்டைக் கிழிக்கவும் கூடாது. 'பாதிப் பணம் தருகிறேன், புகாரை முடித்துவிடுங்கள்' என்று விற்பனையாளர் இனிமையாகப் பேசுவார். பல தளங்களில் அதற்குச் சம்மதித்ததுமே புகார் மூடப்படும், மீதியைக் கேட்க வழியிராது.

திருப்ப முடியாமல் தங்கிவிட்ட மணிகளில், சாயம் போகாமல் அளவு மட்டும் மாறுபட்டவை குஞ்சத்துக்கும் முறுக்குக் கயிற்றுக்கும் ஆகும். அங்கே அளவு முன்னே பின்னே இருந்தால் தெரியாது. பெயின்ட் அடித்தவற்றைத் தோலில் படும் எதிலும் கோக்காதீர்கள், குழந்தைகள் கைக்கும் தராதீர்கள்.