டயாலிசிஸ் குழாய், 3500 டால்டன்: மின்னூட்டக் கோபாலிமருக்கு நம்பி வாங்கலாம்

ஸ்டைரீன், 4-வினைல்பிரிடின் கோபாலிமரில் (இந்த இரண்டு அலகுகளும் கலந்த நீண்ட சங்கிலி மூலக்கூறில்) மெத்தில் அயோடைடு சேர்த்து நேர்மின்னூட்டம் ஏற்றியபின், டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானைத் தண்ணீரில் கழுவி நீக்க, சுமார் 3500 டால்டனுக்குக் (மூலக்கூறு எடை அலகு) குறைந்த சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் இந்த செல்லுலோஸ் குழாயைத்தான் ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒருமுறைகூட ஒழுகியதில்லை.

முதல் தடவை முழுக்க நிரப்பி முடிச்சுப் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் உப்பி, சுரைக்காய் மாதிரி இறுகிக் கிடந்தது. பாலிமரின் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்து அதோடு உள்ளேயே தங்கும் எதிரயனிகள் (எதிர்மின்னூட்ட அயனிகள்) தண்ணீரை அப்படி இழுக்கின்றன, அதனால் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். அப்புறம், குழாயின் மேலுள்ள கிளிசரின் பூச்சை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள், இல்லையென்றால் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையில் 3.5 பிபிஎம் பக்கம் அதன் முகடுகள் வந்து குழப்பும்.

உலர்த்திய மாதிரியின் ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையில் பிரிடினின் 1600 செ.மீ⁻¹ முகடு தேய்ந்து, மின்னூட்டம் ஏறியதைக் காட்டும் புதிய முகடு 1640இல் எழுந்ததைப் பார்த்தபோது அவ்வளவு நிம்மதி. விலை கொஞ்சம் அதிகம், ஆனாலும் மறுபடி இதையே வாங்குவேன்.