பாளையங்கோட்டையில் பழைய வேதாகமத்துக்குப் புது பைண்டிங்

மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-இல் கட்டிய ஊசிக்கோபுர ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது இந்தச் சின்ன பைண்டிங் கடை. அத்தையின் வேதாகமத்தைக் கொடுத்திருந்தேன். மாமா பக்கவாதத்தில் படுத்த பிறகு, கட்டிலருகே ஸ்டூல் போட்டு, காலையும் இரவும் அத்தை அவருக்கு வாசித்துக் காட்டும் புத்தகம் அது. அதில் சங்கீதம் பகுதியில் கஞ்சி சிந்திய கறை இருக்கிறது. வீட்டை அடகு வைத்த நாள், மாமா வலது கையைத் தூக்கிய நாள் எல்லாம் ஓரங்களில் அத்தை பென்சிலால் எழுதியிருக்கிறார். சொந்தபந்தங்களின் வரத்து குறைந்த வருஷங்களிலும் இந்த வாசிப்பு நின்றதில்லை.

கடைக்கார அண்ணாச்சி அந்தக் குறிப்புகளைப் பார்த்ததும் ஓரம் வெட்ட மறுத்துவிட்டார். "வெட்டினால் அழகாகத்தான் இருக்கும்; தேதியெல்லாம் போய்விடுமே அம்மா" என்றார். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, கையாலேயே நூல் கோத்துத் தைத்து, பூச்சி அரிக்காதபடி மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவி, கலிக்கோ துணி ஒட்டித் தந்தார். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் இப்போது தானாக மூடிக்கொள்வதில்லை. ஒரு கையால் மாமாவின் கையைப் பிடித்தபடியே அத்தை வாசிக்கிறார். இதற்காகவே அந்த மனிதரைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்.

முதுகில் அடித்த பொன்னெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். கூலி 450 ரூபாய். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் கொடுக்காதீர்கள், பாட்டுப் புத்தகங்கள் குவிந்துவிடும்.