வாக் ஸ்கோர்: படிக்கப் போகும் ஊரைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நம்பலாம்?

வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவரிடம் பெரும்பாலும் கார் இருக்காது. வகுப்பு, மளிகை, மருந்துக்கடை என எல்லாவற்றுக்கும் கால்தான். இதை முன்கூட்டியே யோசிப்பவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது வாக் ஸ்கோர் தளத்தை. 2007இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட தளம் இது. 2014இல் ரெட்ஃபின் என்ற வீட்டுமனை நிறுவனம் வாங்கிக்கொண்டது. முகவரியைத் தட்டினால், அங்கிருந்து அன்றாட வேலைகளை எவ்வளவு நடந்தே முடிக்கலாம் என்பதற்கு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் இலவசமாக வரும். 90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றாட வேலைகளுக்குக் கார் வேண்டாம். 70 முதல் 89 வரை இருந்தால் பெரும்பாலானவற்றை நடந்தே முடிக்கலாம். 50க்குக் கீழே போனால் பெரும்பாலானவற்றுக்கு வண்டி வேண்டும்.

நல்ல கருவி. ஆனால் ஊர்ப் பெயரைத் தட்டி, வரும் எண்ணை வைத்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு. ஊருக்கான எண் சராசரி மட்டுமே. ஹூஸ்டனின் சராசரி 50ஐக்கூடத் தொடாது. ஆனால் அங்கே ரைஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கடைத்தெருவும் இருக்கிறது, ரயிலும் போகிறது. பாஸ்டனின் சராசரி 80க்கு மேல்; வாடகை குறைவு என்று அதன் புறநகரில் அறை எடுத்தால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. தட்ட வேண்டியது நீங்கள் தங்கப்போகும் தெருவின் முகவரியை. விடுதி கிடைக்காவிட்டால் மாணவர்கள் வழக்கமாக அறை எடுக்கும் இரண்டு மூன்று பகுதிகளின் முகவரிகளையும் சேர்த்துப் பாருங்கள். முதலாண்டுக்குப் பிறகு விடுதியில் இடம் தராத பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு.

எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே பிசகும் என்பதும் தெரியும். கடை, உணவகம், பூங்கா, பள்ளி என்று வகை பிரித்து, 400 மீட்டருக்குள் (சுமார் 5 நிமிட நடை) இருப்பதற்கு முழுப் புள்ளி தருகிறார்கள். தூரம் கூடக் கூடப் புள்ளி குறையும். 30 நிமிட நடைக்கு அப்பால் இருப்பதற்குப் புள்ளியே கிடையாது. தெருச் சந்திப்புகளின் நெருக்கம், மக்கள் அடர்த்தி ஆகியவையும் கணக்கில் சேரும். பக்கத்தில் குழந்தைகள் படிக்கும் பள்ளி இருந்தால் உங்கள் முகவரிக்கும் புள்ளி ஏறும். உங்கள் துறைக் கட்டடம் எங்கே இருக்கிறது என்பது அந்த எண்ணில் வராது. வரைபடத்தில் மளிகைக்கடை என்று காட்டுவது சிப்ஸும் சோடாவும் விற்கும் சிறு கடையாகவும் இருக்கலாம். எனவே அந்தக் கடையின் பெயரைத் தேடி, காய்கறி, அரிசி, பால் கிடைக்கிறதா என்று படங்களில் பாருங்கள்.

ஏற்றம் இந்த எண்ணில் இல்லை. இதுதான் பெரிய குறை. அமெரிக்காவின் இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் குன்றின்மேல் இருக்கிறது; கீழே ஊர்நடுவில் அறை எடுத்தால் வகுப்புக்குப் போக 100 மீட்டருக்கும் மேல் உயரம் ஏற வேண்டும். தட்டையான தரையில் 20 நிமிடத்தில் கடக்கும் தூரம், பை முதுகில் இருக்க, பனி உறைந்த சரிவில் வேறு கதை. கூகுள் மேப்பில் நடைவழியைப் போட்டால் ஏற்ற இறக்கமும் தெரியும். மேலேறும் திசையில் போட்டுப் பாருங்கள். கீழிறங்கும் நேரத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

பனியும் கணக்கில் வராது. கனடாவின் மான்ட்ரியலில் நடைபாதைப் பனியை நகராட்சியே அள்ளுகிறது. நகர மையத்தில் 30 கி.மீ.க்கும் அதிகமான நிலத்தடிப் பாதைகள் வேறு உண்டு. வட அமெரிக்காவின் பல ஊர்களில் வீட்டுக்காரர்தான் தன் வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒருவர் விட்டுவிட்டால் அங்கே வழி அறுந்துபோகும், சாலையில் இறங்கி நடக்க வேண்டியதுதான். எந்த ஊரில் யார் பொறுப்பு என்பது நகராட்சித் தளத்தில் இருக்கும். குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் மதிப்பெண்ணுக்கு முன்னால் இதைத் தேடலாம்.

இந்தக் குறைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவுக்கு வாக் ஸ்கோரே போதும். ஐரோப்பாவுக்கு அதை நம்ப வேண்டாம். அங்கே ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கிலிருந்து வரும் ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற வழிகாட்டும் வரைபடத் தளம் சிறந்தது. அறையின் முகவரியை வைத்து 15 நிமிட நடைக்குள் எட்டும் பரப்பை வரையச் சொல்லுங்கள். ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை குறுக்கிட்டால் அந்தப் பரப்பு சட்டென்று வெட்டுப்பட்டுத் தெரியும். துறைக் கட்டடம், சூப்பர்மார்க்கெட், ரயில் நிலையம் மூன்றும் அதற்குள் விழுந்தால் அந்த அறை நல்ல அறை. சிக்னலில் நிற்கும் நேரம் இதில் சேராது என்பதால் பெரிய சாலைகளைக் கடக்க வேண்டியிருந்தால் சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஊரின் பேரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் குரோனிங்கன் உதாரணம். 1977இல் மையத்தை நான்காகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்த ஊர் அது. ஆனால் அறிவியல் மாணவர்கள் போக வேண்டிய செர்னிக்கே வளாகம் மையத்திலிருந்து சுமார் 4 கி.மீ. தள்ளி இருக்கிறது. அவர்களுக்கு அது நடக்கும் ஊர் அல்ல, சைக்கிள் ஊர். இத்தாலியின் போலோன்யாவில் நிலைமை நேர்மாறு: பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்கள் ஊர்நடுவிலேயே உள்ளன. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கூரையிட்ட தூண்வரிசை நடைபாதைகளின் கீழே மழையிலும் நனையாமல் வகுப்புக்குப் போகலாம். நடந்தே படித்து முடிக்க நினைப்பவருக்கு இந்த இரண்டில் போலோன்யாதான் என் தேர்வு.

கடைசியாக, தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூவில் அறையிலிருந்து நூலகம் வரை ஒருமுறை "நடந்து" பாருங்கள். நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறதா, விளக்குக் கம்பங்கள் இருக்கின்றனவா, பாலத்தில் நடக்க இடம் உண்டா என்று கவனியுங்கள். படம் எடுத்த மாதமும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும். பல ஆண்டு பழையதென்றால், அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் இரவு 10 மணிக்கு அதே வழியில் நடப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.