டர்போ பியூக்கில் வேக்யூம் ஹோஸை இடம் மாற்றிய பட்டறை: பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

வண்டி 1979 பியூக் ரீகல். 3.8 லிட்டர் வி6, கார்புரேட்டர் வைத்த டர்போ. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கேனிஸ்டர் என்ற சிறு டப்பாவுக்குக் கொண்டு போகும் குழாய்; அந்த உறிஞ்சலால் ஸ்பார்க் முன்கூட்டியே வரும், அதுதான் அட்வான்ஸ்) வெடித்திருந்ததால், அதை மாற்றக் கலிபோர்னியாவில் ஒரு பழைய கார் பட்டறையில் விடப்பட்டது. திரும்பி வந்தபோது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறியும் இழுவை இல்லை. புகார் சொன்னதும் கார்புரேட்டர் ஓவர்ஹால் என்று ஒரு பில் போட்டார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றதும், டர்போ தேய்ந்துவிட்டது, புதிது போட வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். டர்போவில் ஒரு குறையும் இல்லை. அவர்களே மாட்டிய ஹோஸும், அதன் நடுவே செருகிய ஒருவழி வால்வும்தான் காரணம்.

இந்த எஞ்சினில் கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அதன் வழியாகக் கம்ப்ரஸர் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து இழுத்து மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்துத் தரும் குழாய்க்கு, தள்ளுகிறது. டர்போ இல்லாத வண்டியில் கார்புரேட்டர் அடியிலும் மேனிஃபோல்டிலும் ஒரே வேக்யூம்தான். இங்கே அப்படி இல்லை. த்ராட்டில் பாதி திறந்த நிலையில், மேனிஃபோல்டில் 3 பிஎஸ்ஐ பூஸ்ட் இருக்கும்போதே கார்புரேட்டர் அடியில் சில அங்குலம் (பாதரச அளவில்) வேக்யூம் நிற்கலாம். டர்போ இல்லாத எஞ்சின்களையே பார்த்துப் பழகிய மெக்கானிக், த்ராட்டில் தட்டுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் முனையில் ஹோஸைச் செருகிவிடுவார். பூஸ்டிலும் அட்வான்ஸ் இறங்காது.

ஒருவழி வால்வு அதைவிட மோசம். கேனிஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரமைப் பூஸ்டிலிருந்து காப்பாற்றத்தான் போட்டோம் என்றார்கள். பிரேக் பூஸ்டரில் இருப்பதே அந்த வால்வு, வேக்யூமைச் சிறைபிடித்து வைப்பதுதான் அதன் வேலை. சீராக ஓடும்போது கேனிஸ்டரில் 15 அங்குலம் ஏறினால், மிதித்த பிறகும் அது வெளியேறாது. வேக்யூம் கேனிஸ்டர் ஸ்பார்க் நேரத்தை 10 முதல் 20 டிகிரி வரை முன்னுக்குக் கூட்டித் தருவது. மெலிந்த கலவை மெதுவாக எரியும் சீரான ஓட்டத்துக்குத்தான் அந்த டிகிரி. பூஸ்டில் அடர்ந்து சூடான கலவைக்கு அதே டிகிரி கிடைத்தால் தட்டல் (கலவை தானாகவே வெடிப்பது), பிஸ்டனில் ரிங் இடைப்பகுதி உடைவது, ஹெட் கேஸ்கெட் போவது. வால்வைத் திருப்பிப் போட்டாலும் பயனில்லை: வேக்யூம் கேனிஸ்டருக்குப் போகாது, பூஸ்ட் மட்டும் போகும்.

அப்படியானால் தட்டல் ஏன் கேட்கவில்லை? பியூக் இந்த டர்போவுக்கு நாக் சென்சாரும் எலக்ட்ரானிக் ஸ்பார்க் கண்ட்ரோலும் வைத்திருக்கிறது. தட்டலை உணர்ந்ததும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். எஞ்சின் பிழைத்தது, இழுவை போனது, எக்ஸாஸ்ட் சூடு கூடியது. அதைத்தான் பட்டறை டர்போ தேய்மானம் என்று படித்தது. இல்லை, படித்ததாகச் சொன்னது.

சோதிக்க அதிகம் தேவையில்லை. கேனிஸ்டர் ஹோஸில் ஒரு டி இணைப்பு வைத்து, வேக்யூமும் பூஸ்டும் காட்டும் கேஜைக் கேபினுக்குள் கொண்டு வாருங்கள். மேனிஃபோல்டில் இன்னொரு கேஜ். மூன்றாம் கியரில், போக்குவரத்தில்லாத சாலையில், 2500 ஆர்பிஎம்மிலிருந்து மெதுவாக மிதிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தவர் கேஜைப் பார்க்கட்டும். மேனிஃபோல்ட் பூஸ்டில் இருக்கும்போது கேனிஸ்டர் பக்கம் வேக்யூம் நின்றால் காலை எடுத்துவிடுங்கள். டயாஃப்ரமுக்குத் தனிச் சோதனை: வேக்யூம் கைப் பம்பால் 15 அங்குலம் ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். இறங்கினால் கிழிந்திருக்கிறது.

கிழிந்த டயாஃப்ரம் சின்ன விஷயமில்லை. மேனிஃபோல்டோடு நேரடியாக இணைத்திருந்தால், பூஸ்டில் பெட்ரோல் கலவையே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஊதப்படும். உள்ளே ரோட்டர் பொறி பறக்கிறது. அதேபோல, பூஸ்ட் வரும் ஹோஸ் கிளாம்ப் இல்லாமல் கழன்றால் கலவை சூடான டர்பைன் மேல் தெளிக்கும். சிலிகான் ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் பெட்ரோலில் ஊதிப் பெருத்துவிடும். எரிபொருள் தாங்கும் ரப்பர் ஹோஸ் மட்டுமே போடுங்கள்.

சரிசெய்யும் வரை வண்டி ஓட வேண்டுமானால், கேனிஸ்டர் ஹோஸைக் கழற்றி, வேக்யூம் வரும் முனையை இறுக்கமான மூடியால் அடைத்துவிடுங்கள். கேனிஸ்டர் திறந்தே கிடக்கட்டும். மைலேஜ் குறையும், எஞ்சின் தப்பிக்கும். நிரந்தரத் தீர்வுக்கு பானட்டுக்கு அடியிலுள்ள ஹோஸ் வரைபட ஸ்டிக்கர்தான் சட்டம். கலிபோர்னியாவில் 1976 மாடலும் அதற்குப் பிந்தையவையுமான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் (புகை) சோதனை உண்டு. இஷ்டத்துக்கு மாற்றிய ஹோஸ் அங்கே கண்ணில் படும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத, வீட்டில் டர்போ கட்டிய எஞ்சின் என்றால் மூன்றுவழி சோலனாய்ட் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) போடலாம். பிரஷர் சுவிட்ச் 1 பிஎஸ்ஐயில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வகையாக இருக்கட்டும். மின்சாரம் இல்லாதபோது கேனிஸ்டர் வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும். வயர் அறுந்தாலும் அட்வான்ஸ் இறங்கும். எதிர்மாறாக வயரிங் செய்தால் ஒரு ஃப்யூஸ் போனதுக்குப் பிஸ்டன் பலியாகும்.

வேக்யூம் அட்வான்ஸே வேண்டாம் என்பதும் ஒரு பழைய வழி. 1962 செவ்ரோலே கோர்வேர் டர்போவில் அதற்குப் பதிலாகப் பூஸ்டில் டைமிங்கைக் குறைக்கும் கேனிஸ்டர் இருந்தது.

பட்டறையில் விடும்போது மூன்று வேலை செய்யுங்கள். பானட்டைத் திறந்து ஒவ்வொரு ஹோஸ் முனையையும் படமெடுங்கள். எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்று ஒர்க் ஆர்டரிலேயே எழுத வையுங்கள். கழற்றிய பாகங்கள் திரும்ப வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே சொல்லுங்கள். கலிபோர்னியாவில் அப்படிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. எழுத்துப்பூர்வ எஸ்டிமேட்டும் அப்படியே. மறுத்தால் மாநிலத்தின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பீரோவில் புகார் கொடுக்கலாம், பில்லும் படங்களும் கையில் இருக்க வேண்டும்.